கார் ஏசியில் கூலிங் குறைந்தால்: கேஸ் அடிப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

கூலிங் குறைந்துவிட்டது என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், பல இடங்களில் பானட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், அடிச்சு விட்டுடலாம்." அடித்ததும் கூலிங் வரும். கொஞ்ச நாளில் மறுபடியும் போகும்.

கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அதுவும் போய்விடும், பாதி நிரம்பிய நிலையில் ஓடி ஓடிக் கம்ப்ரசரும் கெடும். பல சமயம் கேஸில் குறையே இருக்காது. அடைத்துப்போன ஃபில்டர், சுற்றாத ஃபேன், போன ரிலே என்று காரணம் வேறாக இருக்கும்.

அதனால் தேடும் வரிசை முக்கியம். முதலில் காற்று, அப்புறம் கரண்ட், கடைசியில் கேஸ். முதல் இரண்டையும் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

உள்ளே நடப்பது என்ன

அதிகம் புழங்கும் ஆர்134ஏ கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் −26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் நடப்பது இதுதான். அங்கே அழுத்தம் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐ இருந்தால் கேஸ் 0 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். வெப்பத்தை வாங்கிய ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தோடு சூடும் ஏறும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் காற்று பட்டுச் சூடு இறங்க, ஆவி திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகத் திரவம் மீண்டும் கூலிங் காயிலுக்குள் பீய்ச்சப்படுகிறது. சில கார்களில் வால்வுக்குப் பதில் ஒரு ஆரிஃபிஸ் ட்யூப் இருக்கும், டிரையருக்குப் பதில் கம்ப்ரசருக்கு முன்னால் அக்யுமுலேட்டர் இருக்கும். மற்றபடி வேலை ஒன்றுதான்.

ஆக, இரண்டு இடங்களில் காற்று தடையில்லாமல் ஓட வேண்டும்: உள்ளே கூலிங் காயில், வெளியே கண்டென்சர். இதில் ஒன்று அடைத்தாலும் கேஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

முதல் வேலை: அளந்து பார்ப்பது

"கூலிங் பத்தலை" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. முனை நீண்ட ஒரு தெர்மாமீட்டர் போதும். காரை நிழலில் நிறுத்தி, கதவு, கண்ணாடி எல்லாம் மூடி, உள்காற்றே சுற்றும் ரீசர்குலேஷன் நிலையில் ஏசியை முழுக் குளிருக்கு வையுங்கள். புளோவர் நடுத்தர வேகம், எஞ்சின் 1500 ஆர்பிஎம். பத்து நிமிடம் கழித்து நடு வென்ட்டில் அளந்தால், வெளியே 30 டிகிரி இருக்கும் நாளில் நல்ல ஏசி 5 முதல் 10 டிகிரிக்குள் காற்றைக் கொடுக்கும். கடும் வெயிலிலும் ஈரப்பதம் அதிகமான நாளிலும் இது சில டிகிரி கூடும், கவலைப்பட வேண்டாம். அடுத்து எஞ்சினை ஐடிலில் விட்டு ஒருமுறை, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட, அது எப்போது மாறுகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது.

- வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? கண்டென்சர் ஃபேன் அல்லது அழுக்கேறிய கண்டென்சர்.
- ஆரம்பத்திலிருந்தே காற்று மெதுவாக வருகிறதா? ஏசி ஃபில்டர் அல்லது புளோவர்.
- முதலில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி கழித்துக் காற்றின் வேகம் குறைகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது.
- காற்று வேகமாக வந்தும் குளிரே இல்லையா? கம்ப்ரசரின் கிளட்ச், கேஸ், அல்லது டாஷ்போர்டுக்குள் சூடு–குளிர் கலக்கும் மடல்.
- ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் வெதுவெதுப்பா? அதே மடலின் மோட்டார், அல்லது கேஸ் குறைவு.
- கம்ப்ரசர் சில நொடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப் ஆகிறதா? பெரும்பாலும் கேஸ் குறைவு.

காற்று

ஏசி ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் முழுதாகக் கீழே இறங்கும். மூடியைக் கழற்றி ஃபில்டரை மட்டமாக வெளியே இழுக்க வேண்டும். சரித்தால், மடிப்புகளில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியும் காய்ந்த இலைத் துணுக்குகளும் நேரே புளோவர் மேல் கொட்டும். புதியதைப் போடும்போது அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 15,000 கி.மீ. என்பது பொதுக் கணக்கு. தூசி நிறைந்த சாலையில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவிப் போடுவது வீண் வேலை, இழைகள் ஒட்டிக்கொண்டு காற்று இன்னும் குறையும். ஃபில்டரைக் கழற்றியதும் காற்று பலமாக வருகிறதென்றால் குற்றவாளி அதுதான். அதற்காக ஃபில்டர் இல்லாமலே ஓட்டிவிடாதீர்கள். அந்தத் தூசி ஈரமான கூலிங் காயிலில் ஒட்டிவிடும், அதைச் சுத்தம் செய்யச் சில கார்களில் டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றுகிறதென்றால் மோட்டார் நல்லபடி இருக்கிறது, ரெசிஸ்டர் போயிருக்கிறது. சின்ன பாகம், மாற்றுவதும் சுலபம்.

அடுத்து கண்டென்சர். டார்ச் அடித்து முன் கிரில் வழியாகப் பாருங்கள். பூச்சி, சேறு, பாலிதீன் துண்டு எல்லாம் சிக்கியிருக்கும். பலர் பார்க்காமல் விடும் இடம் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் இடுக்கு. முன்பக்கம் பளிச்சென்று இருக்க, அந்த இடுக்கில் பஞ்சும் தூசியும் திரையாகப் படிந்திருக்கும். எஞ்சின் ஆறியபின், சாதாரண ஹோஸ் தண்ணீரை முடிந்தவரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் மெல்லிய அலுமினிய ஃபின்கள் மடங்கி, அழுக்கைவிட மோசமாகக் காற்றை அடைத்துவிடும்.

ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க, ஐடிலில் ஏசியைப் போட்டுவிட்டு வெளியே நின்று கவனியுங்கள். பல கார்களில் ஏசி ஆன் ஆன கொஞ்ச நேரத்திலேயே சுற்றத் தொடங்கும். சிலவற்றில் அழுத்தம் ஏறிய பிறகுதான். கையை மட்டும் விடாதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றக்கூடும்.

இங்கே ஒரு நல்ல சோதனை உண்டு. ஐடிலில் ஏசி ஓடும்போது கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வென்ட் தெர்மாமீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெப்பம் மளமளவென்று இறங்கினால், கண்டென்சரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை என்று அர்த்தம். ஃபேன், அழுக்கு, மடங்கிய ஃபின் ஆகிய மூன்றுக்குள் தேடினால் போதும். கேஸ் அளவுக்கு மேல் இருந்தாலும் இதே அறிகுறி வரும், அதையும் மனதில் வையுங்கள்.

கரண்ட்

1940 மாடலில் பேக்கார்ட் நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கொடுத்தபோது கம்ப்ரசருக்குக் கிளட்ச் இல்லை. ஏசி வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று அந்த வேலையைக் காந்தக் கிளட்ச் செய்கிறது. ஏசி பட்டனை அழுத்தியதும் முன்பக்கத்தில் ஒரு "டக்" சத்தம் கேட்டு, கம்ப்ரசர் புல்லியின் நடுத்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். புல்லி சுற்றி நடுத்தட்டு சும்மா நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் தேடும் வரிசை: முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே. பெட்டிக்குள் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே, உதாரணமாக ஹார்னுடையது, இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரால் கிளட்ச் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வோல்ட் வந்தும் பிடிக்கவில்லையென்றால் கிளட்ச் காயில் போயிருக்கும் அல்லது இடைவெளி கூடியிருக்கும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 3 முதல் 5 ஓம். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது.

தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி பல கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். தேய்மானத்தில் இது கூடும்போது ஒரு விசித்திரமான அறிகுறி வரும்: காலையில் ஏசி நன்றாக ஓடும், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கூலிங் காணாமல் போகும், ஆறியதும் திரும்பி வரும். சூட்டில் காயிலின் காந்தம் பலவீனமாகி, தூரமான தட்டை இழுக்க முடியாமல் போகிறது. ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். இதே வண்டிக்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு.

வோல்ட்டே வரவில்லையென்றால் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்தால் அதோடு சேர்ந்து சுற்றும் கம்ப்ரசர் ஆயிலும் சரியாகச் சுற்றாது. அந்த நிலையில் கம்ப்ரசர் ஓடிக் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த சுவிட்ச். ஒயரால் அதை நேரடியாக இணைத்து ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். பல புதிய கார்களில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர் இருக்கிறது. உள்ளே ஒரு கண்ட்ரோல் வால்வுதான் அளவைக் கூட்டிக் குறைக்கும், "டக்" சத்தம் வராது. அவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

கேஸ்

இங்கிருந்து பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். திரவ கேஸ் கண்ணில் பட்டால் உறையவைத்துவிடும். தீ வைத்து லீக் பார்ப்பது அறவே கூடாது, எரிந்தால் நச்சு வாயுக்கள் உண்டாகும். வெளியே திறந்துவிடுவதும் கூடாது. ஆர்134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் எந்தப் புதிய காரிலும் அதற்கு அனுமதி இல்லை. பதிலுக்கு வந்த ஆர்1234ஒய்எஃப் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. இரண்டுக்கும் கேஸ் ஏற்றும் போர்ட்டுகளே வேறு, கலக்கவே கூடாது. உங்கள் காரில் எது, எத்தனை கிராம் என்பது பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

ஆர்134ஏ வண்டியில் கேஜ் மாட்டும் முறை:

1. எஞ்சின் அணைந்த நிலையில், மேனிஃபோல்டின் (இரண்டு கேஜும் ஹோஸ்களும் சேர்ந்த செட்டின்) இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள்.
2. நீல ஹோஸைத் தடித்த குழாயில் இருக்கும் சிறிய போர்ட்டிலும், சிவப்பு ஹோஸை மெல்லிய குழாயில் இருக்கும் பெரிய போர்ட்டிலும் மாட்டுங்கள். அளவு வேறு என்பதால் மாறிப் போகாது.
3. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது இரண்டு முள்ளும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 30 டிகிரியில் அது 95 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கும்.
4. எஞ்சினை ஓட்டி, முன்பு சொன்னபடி ஏசியைப் போட்டு, 1500 ஆர்பிஎம்மில் ஐந்து நிமிடம் கழித்துப் படியுங்கள்.

மூன்றாவது படியில் ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே ஒரு துளி திரவம் இருந்தாலும், முழு அளவு இருந்தாலும், நிற்கும் அழுத்தம் ஒன்றே. வெப்பநிலை மட்டுமே அதைத் தீர்மானிக்கும். 95 காட்டுவதால் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 40 காட்டினால் மட்டும் உள்ளே திரவமே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஓடும்போது, 30–35 டிகிரி வெயிலில் லோ பக்கம் (நீலம்) 30–45, ஹை பக்கம் (சிவப்பு) 180–250 பிஎஸ்ஐ என்பது பொதுவான எல்லை. இரண்டுமே குறைந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே கூடினால் கண்டென்சரில் காற்று போதவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது குழாய்க்குள் வெளிக்காற்று புகுந்திருக்கிறது. லோ கூடி ஹை குறைந்தால், அதாவது இரண்டு முள்ளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தால், கம்ப்ரசரால் அழுத்த முடியவில்லை. லோ பூஜ்யத்துக்குக் கீழே வேக்கம் வரை இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு. அடைப்பு இருக்கும் இடத்துக்கு அப்பால் குழாய் சில்லென்று வியர்க்கும், சில நேரம் பனியே படியும். முதலில் சரியாக ஓடி, கொஞ்ச நேரத்தில் லோ வேக்கத்துக்கு இறங்கி, அணைத்து வைத்தால் மறுபடி சரியாகிறதென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. வால்வின் வாயில் அது உறைந்து அடைக்கிறது.

லீக் எங்கே

கேஸோடு ஆயிலும் வெளியேறும் என்பதால், எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிய கறுப்புத் திட்டு எங்கே தெரிகிறது என்று முதலில் தேடுங்கள். கண்டென்சரின் கல்லடி படும் கீழ்ப்பகுதி, கம்ப்ரசரின் முன்பக்க ஷாஃப்ட் சீல், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், இவைதான் வழக்கமான இடங்கள். போர்ட்டின் உள் வால்வுக்குச் சோப்பு நுரை வைத்தால் போதும், டயர் வால்வில் பார்ப்பதுபோலக் குமிழி வரும். தொலைந்துபோன போர்ட் மூடியை உடனே வாங்கிப் போடுங்கள். உள் வால்வு லேசாகக் கசிந்தாலும் அந்த மூடிதான் காக்கும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் யூவி டை என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றி, சில நாள் ஓட்டி, யூவி விளக்கில் பார்க்கலாம். எலக்ட்ரானிக் டிடெக்டர் வைத்துத் தேடினால் இணைப்பின் அடிப்பக்கமாகப் பிடியுங்கள், இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கூலிங் காயில் லீக்கைப் பார்க்க, ஏசியை அணைத்துவிட்டு, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில் டிடெக்டரை வைக்க வேண்டும்.

லீக்கை அடைக்கிறேன் என்று விற்கும் சீலன்ட் கேன்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காற்றும் ஈரமும் பட்டால் இறுகுவது அதன் குணம். குழாயைத் திறக்கும்போதும், கேஸ் உறிஞ்சும் மெஷினுக்குள்ளும் அது இறுகிவிடும். சீலன்ட் போட்ட வண்டி என்று தெரிந்தால் பல பட்டறைகள் மெஷினை மாட்டவே மறுப்பார்கள். ஆர்134ஏ-க்குப் பதில் சமையல் கேஸ் வகை வாயுக்களை ஏற்றுவது இன்னும் ஆபத்து. கூலிங் காயில் கசிந்தால் அது நேரே நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வரும்.

வேக்கமும் நிரப்பலும்

லீக்கைச் சரிசெய்து, திறந்த இணைப்புகளுக்குப் புது ஓ-ரிங்கை ஏசி ஆயில் தடவிப் போட்டு, டிரையரையும் மாற்றிய பிறகுதான் இது. திறந்து கிடந்த டிரையர் காற்றின் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும்.

1. வேக்கம் பம்ப்பைக் குறைந்தது அரை மணி, நீண்ட நேரம் திறந்து கிடந்த வண்டியென்றால் ஒரு மணி ஓட்டுங்கள். காற்றை எடுப்பது மட்டும் நோக்கமல்ல, அழுத்தம் இறங்க இறங்க உள்ளே இருக்கும் ஈரமும் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். பத்து நிமிட வேக்கம் பேருக்குத்தான்.
2. வால்வுகளை மூடி, பம்ப்பை நிறுத்திக் கால் மணி காத்திருங்கள். முள் ஏறினால் லீக் இன்னும் இருக்கிறது. கேஸ் ஏற்றாதீர்கள்.
3. மாற்றிய பாகத்துக்கு ஏற்ப ஆயில் சேருங்கள். ஏசி கம்ப்ரசருக்கான பேக் (PAG) ஆயிலில் 46, 100, 150 என்று தடிமன் உண்டு. கம்ப்ரசர் எதைக் கேட்கிறதோ அதுதான்.
4. ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, கேஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது லோ பக்கம் வழியாக மட்டும், கேனை நிமிர்த்தி வைத்து, ஆவியாக. திரவமாகப் போனால் கம்ப்ரசரை உடைத்துவிடும். ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் கேனே வெடிக்கலாம்.

பல கார்கள் 400 முதல் 700 கிராமுக்குள்தான் கொள்ளும். அந்த அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங்கில் தெரியும். கேஜைப் பார்த்து "போதும்" என்று நிறுத்துவது, அதுவும் வெயிலுக்கு வெயில் எண் மாறும்போது, குத்துமதிப்புதான்.

வாடையும் தண்ணீரும்

ஏசி போட்டதும் வரும் புளித்த வாடை, ஈரக் கூலிங் காயிலில் வளரும் பூஞ்சையுடையது. காயில் கிளீனர் நுரையை டிரெயின் குழாய் வழியாகவோ ஃபில்டர் துவாரம் வழியாகவோ அடித்துக் கழுவலாம். போய்ச் சேருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசி பட்டனை மட்டும் அணைத்துப் புளோவரை ஓடவிட்டால் காயில் ஓரளவு உலரும், வாடை திரும்பி வருவது குறையும். பக்கத்து சீட்டின் கால்மிதி நனைந்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. ஆனால் அந்த ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தால் அது ஏசி தண்ணீரே அல்ல. டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் வழியாக எஞ்சின் கூலன்ட் கசிகிறது. அதைத் தள்ளிப்போட்டால் எஞ்சினுக்கு வினை.

பட்டறைக்குக் கொடுக்கும்போது

கம்ப்ரசர் உள்ளே உடைந்து உலோகத் தூள் பரவிய வண்டி, கூலிங் காயில் மாற்ற வேண்டிய வண்டி, ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார், இவற்றில் கை வைக்காதீர்கள். எலக்ட்ரிக் கம்ப்ரசருக்கு வரும் ஆரஞ்சு நிற ஒயரில் உயிரைப் பறிக்கும் வோல்ட் ஓடுகிறது. அதில் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில்தான் இருக்கும். வேறு வண்டிக்குப் பயன்படுத்திய மெஷினில் மிச்சமிருக்கும் பேக் ஆயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் கோளாறு வரும்.

சாதாரண காராக இருந்தாலும் மூன்று விஷயத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: வண்டியிலிருந்து எடுத்த பழைய கேஸ் எத்தனை கிராம், வேக்கம் எவ்வளவு நேரம் போட்டு எவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தார்கள், புதிதாக ஏற்றியது எத்தனை கிராம். எடுத்த அளவும் ஸ்டிக்கர் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் உங்கள் வண்டியில் கேஸ் குறையவே இல்லை. கூலிங் போனதற்கு வேறு காரணத்தைத் தேடச் சொல்லி அங்கேயே நிற்கலாம்.